மூன்றாம் பெஞ்சும் நியாண்டர்தாலும்

ஜூன் 5, திங்கள்

ஒரு முறை வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், நியாண்டர்தால் ஆளுங்களுக்கு, தாங்கள்லாம் மனுஷங்க இல்லைன்னு தெரியுமா?"

முப்பத்தொரு வருடம் பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தினேன். எத்தனையோ கேள்விகள் வந்தன. பெரும்பாலும், "இது பரீட்சைக்கு வருமா டீச்சர்" என்பதன் உறவுக்காரக் கேள்விகள். இது ஒன்றுதான் என்னை சாக்பீஸோடு நிற்க வைத்தது. அதன்பின் வந்த ஒவ்வொரு பன்னிரண்டாம் வகுப்பிலும் இதைச் சொல்லி, "கேள்வின்னா இப்படி இருக்கணும்" என்பேன். கேட்டவள் யாரென்று மட்டும் நினைவில்லை. மூன்றாம் பெஞ்ச் என்று ஒரு ஞாபகம்.

இன்று அந்தக் கேள்வி திரும்பி வந்ததற்குக் காரணம் நூலகர் ரெஜினாவின் போன். எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்தில் இந்த மாதக் கடைசி ஞாயிறு பட்டிமன்றம். தலைப்பு: ஆதிகாலத்து நியாண்டர்தால்கள் அழிந்துவிட்டார்களா, நம்மோடு வாழ்கிறார்களா? அணிக்கு ஒருவர்தான். அழிந்தார்கள் என்று தணிகாசலம். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், யூடியூபில் பார்த்ததையெல்லாம் நம்புகிறவர். வாழ்கிறார்கள் என்று பேச பூங்காவனம் என்றொரு பெண். அவர் பேசுவதற்கு ஒரே நிபந்தனை, நடுவராக நான் இருக்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். "உங்க மேல அவ்ளோ மரியாதை போல மேடம்" என்றாள் ரெஜினா. மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. சரி என்றேன்.

இந்த நோட்டு நாட்குறிப்புக்காக வாங்கியதில்லை. இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, போன வெள்ளிக்கிழமை வலது கண்ணில் புரை எடுத்தார்கள். முதல் வாரம் ஆறு வேளை சொட்டு மருந்து, அடுத்த வாரம் ஐந்து, அப்புறம் நான்கு என்று குறைத்துக்கொண்டே வரவேண்டும். மறக்காமலிருக்க எழுதத் தொடங்கியது. பக்கத்தில் இடம் மிச்சமிருப்பதால் மற்றதும் எழுதுகிறேன்.

சொட்டு: ஆறு வேளையும் ஆயிற்று.

ஜூன் 7, புதன்

தணிகாசலம் வந்தார். நடுவரை முன்கூட்டியே பார்ப்பது முறையில்லை என்று அவருக்கே தெரியும். அதனால் இவர் கண்ணை விசாரிக்க வந்ததாகச் சொல்லி, கையில் நாலு மாதுளம்பழம் கொண்டுவந்தார். கண்ணைப் பற்றி ஒரு நிமிடமும் நியாண்டர்தாலைப் பற்றி ஒரு மணி நேரமும் பேசினார்.

அவர் சொன்னது இது. நியாண்டர்தால்கள் உடம்பெல்லாம் ரோமம் உள்ள மிருகங்கள். பூனைக்கு இருப்பது போல நீளவாட்டில் கண்மணி. இருட்டில் பார்வை. நம் முன்னோர்களை வேட்டையாடித் தின்றவர்கள். நாம் பேய்க்குப் பயப்படுவது அந்தக் காலத்துப் பயத்தின் மிச்சம். கடைசியில் பொறுக்க முடியாமல் நாம்தான் அவர்களை ஒழித்தோம். நம் பூண்டிப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல்லாயுதங்கள் கூட அவர்களுடையவைதான்.

நடுவராக இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. எலும்பு மட்டும்தான் கிடைத்திருக்கிறது தணிகாசலம், கண் மக்கிப்போய்விடும், கண்மணி வட்டமா நீளமா என்று எலும்பில் எப்படித் தெரியும் என்று கேட்டேன். குரங்கு, சிம்பன்சி, நாம், எல்லோருக்கும் வட்டம். நடுவில் இருப்பவருக்கு மட்டும் பூனைக் கண் எப்படி வரும்? ஒரு வீட்டில் அப்பா, சித்தப்பா, பிள்ளைகள் எல்லோரும் ஒரே சாடையாக இருக்க, பெரியப்பாவுக்கு மட்டும் வால் இருந்தது என்பது போல அல்லவா இது. அத்திரம்பாக்கத்தில் ஆயுதம் கிடைத்ததே தவிர, செய்தவரின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. யார் செய்தார்கள் என்பதற்கு இன்றைய நேர்மையான பதில் 'தெரியாது' என்பதுதான்.

"தெரியாதுன்னு பட்டிமன்றத்துல சொன்னா கைதட்டுவாங்களா மேடம்?" என்றார். நியாயமான கேள்வி.

அவர் போனதும் இவர் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து சொன்னார். "அவங்க ஏன் அழிஞ்சாங்கன்னு எனக்குத் தெரியும். பட்டிமன்றம் நடத்தி நேரத்தை வீணாக்கியிருப்பாங்க."

ஜூன் 8, வியாழன்

குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியும் செருப்பைத் தேடிக் குனிந்தார். திட்டினேன். சொட்டு ஆறு.

ஜூன் 11, ஞாயிறு

பூங்காவனம் வந்திருந்தார். ஐம்பது, ஐம்பத்தொன்று இருக்கும். ஸ்கேன் சென்டர் ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவர். நெற்றி மறையும்படி முன்முடியைப் புருவம் வரை வெட்டி விட்டிருந்தார். அந்த வயதுக்குக் கொஞ்சம் விளையாட்டுத்தனமாகத் தெரிந்தது. வாசலில் நின்று என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னைத் தெரியுதா டீச்சர்?"

டீச்சர் என்றதும் மாணவி என்று புரிந்தது. வருடத்துக்கு நூற்றிருபது பெண்கள். தெரியாததைத் தெரிந்தது போல நடிக்க எனக்கு வராது. எந்த வருஷம்மா என்றேன். எண்பத்தொன்பது என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுக்குக் காபி போட்டேன்.

அவர் கொண்டுவந்த கோட்பாடு தணிகாசலத்தினுடையதற்கு நேர் எதிர். நியாண்டர்தால்கள் நம்மைவிட உயர்ந்தவர்கள், மூளை நம்முடையதைவிடச் சின்னதில்லை. அவர்கள் முழுசாக அழியவில்லை. கலப்பில்லாத அசல் வாரிசுகள் இன்னும் அங்கங்கே நம் நடுவில் இருக்கிறார்கள். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். புருவ எலும்பு புடைத்திருக்கும், பின்மண்டை துருத்தியிருக்கும், மூக்கு அகலமாக இருக்கும். வெளிநாட்டில் இதற்கென்றே குழுக்கள் இருக்கின்றனவாம். கோபமும் கேலியும் இல்லாமல், ஒரு ரிப்போர்ட் படிப்பது போலச் சொன்னார்.

மூளை சின்னதில்லை என்பது சரி. மற்றது சரியில்லை. நான் எப்போதும் சொல்லும் உதாரணத்தைச் சொன்னேன். நியாண்டர்தால்கள் நமக்குப் பங்காளிகள். ஒரே மூத்தவரின் வழியில் பிரிந்து, ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் குடியிருந்து, நாற்பதாயிரம் வருடம் முன்பு மறைந்தவர்கள். இப்படித்தான் வெகுகாலம் நடத்தினேன். ஓய்வு பெறுவதற்கு நாலு வருடம் முன்பு அவர்களுடைய மரபணுவைப் படித்துவிட்டு விஞ்ஞானிகள் வேறு சொன்னார்கள். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். ஆகப் பங்காளி மட்டுமில்லை, சம்பந்தியும்தான். நம்மிடம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு அவர்களுடையது. அது எனக்குள் ஓரிடத்தில், உங்களுக்குள் வேறிடத்தில், தணிகாசலத்துக்குள் இன்னோரிடத்தில் சிதறிக் கிடக்கிறது. அசல் என்று தனியாக யாரும் கிடையாது.

"அப்போ, முகத்தைப் பார்த்து ஒருத்தரை நியாண்டர்தால்னு சொல்ல முடியாதா டீச்சர்?"

"முடியாது."

"நிச்சயமா?"

"நிச்சயமா முடியாதும்மா."

கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். பேச்சில் மேற்கோள் காட்டவாம். எதிரணிக்கு உதவக்கூடிய வாக்கியத்தைத் தானே கேட்டு வாங்குகிறாரே என்று சிரிப்பு வந்தது. எழுதிக் கொடுத்தேன். பழைய பழக்கத்தில் தேதியும் போட்டேன். தாளை நான்காக மடித்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு இவர் கேட்டார். "யாரும்மா அது?"

பழைய மாணவி என்றேன்.

"நீ அளவுகோலால மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினே பாரு, ஒவ்வொரு தட்டுக்கும் அந்தப் பொண்ணு கண்ணு கோலுக்கே போச்சு."

மரத்தால் ஆன பழைய அளவுகோல் அது. பேசும்போது கையில் இல்லாவிட்டால் எனக்குப் பேச்சு வராது. இவருக்கு ஒரு கண்தான் தெரிகிறது, அதிலும் வேண்டாததெல்லாம் தெரிகிறது.

சொட்டு ஐந்து வேளையாகக் குறைந்துவிட்டது.

ஜூன் 13, செவ்வாய்

இராக்கில் ஒரு குகையில் கிடைத்த நியாண்டர்தால் ஆளைப் பற்றி இவருக்குப் படித்துக் காட்டினேன். சின்ன வயதிலேயே முகத்தில் அடிபட்டு ஒரு கண் ஏறக்குறைய போய்விட்டது. ஒரு கை சூம்பிவிட்டது. கால் ஊனம். அப்படியும் நாற்பது வயதுக்குமேல் இருந்திருக்கிறார், அந்தக் காலத்துக்கு அது கிழ வயது. தனியாக வேட்டைக்குப் போக முடியாத ஒருவர் அத்தனை வருடம் இருந்தார் என்றால், யாரோ ஊட்டியிருக்கிறார்கள், யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

"சொட்டு மருந்து போட்டிருப்பாங்களா?" என்றார் இவர்.

இன்னொன்றும் படித்தேன். நியாண்டர்தால் என்றால் கூனிக்கொண்டு நடப்பவன் என்ற படம் எப்படி வந்தது தெரியுமா? நூறு வருடம் முன்பு முதலில் முழுசாக ஆராயப்பட்ட எலும்புக்கூடு ஒரு வயசான ஆளுடையது. மூட்டெல்லாம் தேய்ந்து முதுகு வளைந்தவர். ஒருவருடைய நோயை மொத்த இனத்தின் அடையாளமாக எழுதிவிட்டார்கள். இவர் செருப்பைத் தேடிக் குனிந்த நேரத்தில் ஒரு போட்டோ எடுத்து, இவரோடு ஆவடி டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் நடப்பார்கள் என்று எழுதினால் எப்படியிருக்கும்?

அந்தக் கூனல் படத்தை வைத்துத்தான் நானும் வருடக்கணக்கில் நடத்தினேன். ஒரே ஒரு உதாரணத்தை நம்பினால் இப்படித்தான் ஆகும். பட்டிமன்றத்தில் இதைச் சொல்ல வேண்டும்.

ஜூன் 17, சனி

பட்டிமன்றத்துக்காகப் பழைய பாடக்குறிப்பு நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினேன். நாங்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்பே எழுதித் தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்கவேண்டிய நோட்டு. பத்தி பத்தியாகக் கட்டம் போட்டிருக்கும். பாடத்தலைப்பு, நோக்கம், துணைக்கருவிகள், வினாக்கள், செய்து பார். துணைக்கருவிகள் என்றால் படம், மாதிரி, பதப்படுத்திய தவளை, இப்படி வகுப்புக்கு எடுத்துப்போகும் பொருள்கள். 'செய்து பார்' நானே விரும்பி எழுதுவது. மாணவிகள் வீட்டில் செய்ய ஒரு சின்ன வேலை கொடுக்காமல் நான் பாடத்தை முடித்ததில்லை.

1989, மனிதப் பரிணாமம். துணைக்கருவிகள் என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"நியாண்டர்தால் மண்டையோட்டுப் படம் (எலி கடித்துவிட்டது). பதிலாக: மாணவி பூங்காவனம், 3ஆம் பெஞ்ச். அளவுகோல்."

கீழே சிவப்பு மையில் சரி என்று டிக். தலைமையாசிரியை கையெழுத்து.

மாதுளம்பழம் இரண்டு மிச்சமிருந்தது. உரித்து இவருக்குக் கொடுத்தேன்.

ஜூன் 18, ஞாயிறு

சொட்டு நான்கு வேளை. மழை வரும்போலிருந்து வரவில்லை.

ஜூன் 20, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். ஒரு நிமிடம்கூட இருக்காது, படம் இல்லாமல் எப்படி விளக்குவது, புருவ மேடு என்றால் என்னவென்று கண்ணால் பார்த்தால்தான் பிள்ளைகளுக்குப் புரியும் என்றேன். பக்கவாட்டில் நிற்க வைத்தேன். அளவுகோலை நெற்றியில் வைத்துக் காட்டினேன். "இதே மாதிரி, இன்னும் கொஞ்சம் அதிகமா." பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது.

இவர் "அப்புறம் என்ன ஆச்சு" என்றார்.

அப்புறம் அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். நல்ல கேள்வி என்று பாராட்டினேன்.

முதல் நாள் இந்த நோட்டில் தப்பாக எழுதிவிட்டேன். அவள் எழுந்து கேட்கவில்லை. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் என் அளவுகோல் இருந்தது.

கேள்வியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருடம் ஒவ்வொரு வகுப்பிலும் காட்டினேன். ஆளை விட்டுவிட்டேன்.

ஜூன் 21, புதன்

ரெஜினாவுக்குப் போன் செய்து, இவருக்குக் கண் சரியில்லை, நடுவராக வர முடியாது என்று சொல்லலாம் என நினைத்தேன். நம்பரையும் எடுத்தேன். "என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் இவர், கேட்காமலே. வைத்துவிட்டேன்.

மதியம் மற்ற வருட நோட்டுகளையும் புரட்டினேன். எல்லா ஆசிரியர்களும் செய்வதுதான், போன வருடக் குறிப்பைப் பார்த்து இந்த வருடம் அப்படியே எழுதுவோம். 1990: துணைக்கருவிகள், மாணவி பூங்காவனம், 3ஆம் பெஞ்ச். 1991: அதேதான். 1992: அதேதான். பள்ளியை விட்டுப் போய்விட்ட பெண் மூன்று வருடம் கட்டத்துக்குள் நின்றிருக்கிறாள். தலைமையாசிரியை மூன்று முறையும் டிக் போட்டிருக்கிறார். 1993இல் புதுப் படம் வாங்கிவிட்டோம் போல, பெயர் இல்லை.

ஜூன் 24, சனி

தணிகாசலம் போன் செய்தார். இவர் கண்ணை விசாரித்தார். பூனைக் கண்ணை விட்டுவிட்டாராம், ஆனால் ரோமத்தை விடமாட்டாராம். சரி என்றேன். 'நடுவர் குரல் ஒரு மாதிரி இருக்கே' என்றார்.

நீலப் புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன். பையில் நான்கு நோட்டுகளையும் வைத்தேன். எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

ஜூன் 25, ஞாயிறு

காலை பத்தரை மணிக்குப் பட்டிமன்றம். இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். நான்கைந்து பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள், அவர்களும் போகப்போகக் கேட்க ஆரம்பித்தார்கள். இவர் கறுப்புக் கண்ணாடியோடு முதல் வரிசையில்.

தணிகாசலம் நன்றாகவே பேசினார். இருட்டு, குகை, ரோமம், பயம் என்று ஒரு கதையாகக் கட்டினார். நமக்கு இன்றைக்கும் கட்டிலுக்கு அடியில் பார்க்கப் பயமாக இருக்கிறதே, ஏன் என்று கேட்டார். "என் கட்டிலுக்கு அடியில பழைய பேப்பர் கட்டுங்க" என்று யாரோ சொல்ல, சபை சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, நாமல்லாத ஒன்றை நாம் ஒழித்தோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று முடித்தார்.

பிறகு பூங்காவனம். மேடையென்று தனியாக எதுவும் இல்லை, ஜன்னல் பக்கம் ஒரு மேஜை, அவ்வளவுதான். வந்து நின்று, முதலில் கைப்பையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து முன்முடியை மேலே தூக்கிச் செருகினார். நெற்றி முழுசாகத் தெரிந்தது. பிறகு பக்கவாட்டில் திரும்பி நின்றார்.

"நல்லாப் பாத்துக்கோங்க. பதினேழு வயசுல என்னை நியாண்டர்தால்னு ஒருத்தங்க கண்டுபிடிச்சாங்க."

பள்ளியில் ஒரு பாடம் நடந்தது என்று மட்டும் சொன்னார். ஆசிரியை பெயரைச் சொல்லவில்லை, என் பக்கம் பார்க்கவுமில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து பெயர் நியாண்டர் ஆகிவிட்டது. பஸ்ஸில் நியாண்டர். கல்யாண வரவேற்பில் வாழ்த்த வந்த தோழிகள் வாயில் நியாண்டர். மாப்பிள்ளை வீட்டார், அது என்ன ஊர்ப் பெயரா என்று கேட்டார்களாம். சபை சிரித்தது. அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தியது.

"சரி, நான்தான் அதுன்னு ஆகிப்போச்சு, அது யாருன்னாவது தெரிஞ்சுக்கலாம்னு படிக்க ஆரம்பிச்சேன். முதல்ல கோபத்துல படிச்சேன். அப்புறம் பிடிச்சுப்போய்ப் படிச்சேன். அவங்கதான் உசத்தி, நாங்கள்லாம் அசல் வாரிசுன்னு ஒரு கூட்டம் எழுதியிருந்தாங்க. ரொம்ப நாள் அதை நம்பினேன். நம்ப ஆசையா இருந்துச்சு."

பிறகு பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, நான் எழுதிக் கொடுத்த தாளை வாசித்தார். "முகத்தைப் பார்த்து யாரையும் நியாண்டர்தால் என்று சொல்ல முடியாது. ஜூன் 11." கையெழுத்தை வாசிக்கவில்லை. மடித்து வைத்தார்.

அடுத்து எடுத்தது ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிம். பயிற்சிக்குப் போன முதல் மாதம், கூடப் படித்தவளைக் கெஞ்சித் தன் மண்டையைப் பக்கவாட்டில் எடுக்க வைத்தாராம். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நாங்கள் எல்லோரும் எழுந்து கிட்டே போனோம். நானும் போனேன்.

"புருவத்துல புடைச்சிருக்கே, இங்க பாருங்க. கறுப்பாத் தெரியுது. எலும்பு கெட்டியா இருந்தா வெள்ளையாத் தெரியும். இது சைனஸ், உள்ள வெறும் காத்து. எனக்குக் கொஞ்சம் பெரிசு, அவ்ளோதான். நியாண்டர்தால் புருவம் வேற மாதிரி, கண்ணு ரெண்டையும் சேர்த்து வில்லு மாதிரி ஒரே மேடு. முப்பத்திநாலு வருஷமா காத்துக்குப் பேர் வெச்சுக் கூப்பிட்டிருக்காங்க."

தன் அணித் தலைப்பே பாதி தப்பு என்று சொல்லி முடித்தார். அவர்கள் நம்மோடு வாழ்கிறார்கள். ஆனால் யாராவது ஒருத்தர் முகத்தில் இல்லை. இங்கே இருக்கிற எல்லோருக்குள்ளும், தணிகாசலம் சாருக்குள்ளும், கொஞ்சம் கொஞ்சமாக.

தணிகாசலம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "யாரும்மா அந்த டீச்சர்? பேரைச் சொல்லு, போய்க் கேட்டுட்டு வரலாம்" என்றார். நிஜமான கோபம்.

பூங்காவனம் ஃபிலிமை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். "நடுவர் தீர்ப்பு சொல்லட்டும் சார்" என்றார்.

நடுவர் எழுந்தால் இரண்டு பக்கமும் இரண்டு நல்ல வார்த்தை சொல்லி, ஒரு சிரிப்பு மூட்டி, பிறகு தீர்ப்புக்கு வர வேண்டும். எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள். பையிலிருந்து 1989 நோட்டை எடுத்தேன். துணைக்கருவிகள் என்றால் என்ன என்று விளக்கினேன். கட்டத்தில் எழுதியிருந்ததை வாசித்தேன். எலி கடித்த படம், பதிலாக மாணவி பூங்காவனம், அளவுகோல். எலியையும் விடாமல் வாசித்தேன்.

"அந்த டீச்சர் நான்தான். மன்னிச்சுடும்மா. உன்னை ஒரு பொருளா எழுதியிருக்கேன்."

நோட்டை மூடிவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"அன்னைக்கு நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்ல. நல்ல கேள்வின்னு சொல்லித் தப்பிச்சுட்டேன். இப்போ சொல்றேன். தெரியாது பூங்காவனம். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. சோறு ஆக்கிட்டு, கண்ணு தெரியாதவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, அவங்கபாட்டுக்கு மனுஷங்களாத்தான் இருந்திருப்பாங்க. வெளியிலேர்ந்து ஒருத்தர் வந்து நிக்க வெச்சுச் சொன்னாத்தான் அது தெரியும்."

இந்த வழக்கில் எனக்கு நடுவராக இருக்கத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டு வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தீர்ப்பில்லாத பட்டிமன்றத்தை எப்படி முடிப்பது என்று ரெஜினாவுக்குத் தெரியவில்லை. டீ கொண்டுவரச் சொன்னாள்.

டீ குடிக்கும்போது பூங்காவனம் வந்து நோட்டைக் கேட்டார். நான்கையும் கொடுத்தேன். நின்றபடியே பார்த்தார். 1989 பக்கத்தில் நெடுநேரம் இருந்தார். 1990ஐத் திருப்பினார், 1991. 1992 வந்ததும் நிமிர்ந்தார்.

"இந்த வருஷம் நான் வேலூர்ல டிரெயினிங்ல இருந்தேனே டீச்சர். இங்கேயும் நிக்கிறேன்?"

"பழைய நோட்டைப் பாத்து அப்படியே எழுதிட்டேன்."

"நாங்க அப்படிப் பாத்து எழுதியிருந்தா எத்தனை மார்க் போட்டிருப்பீங்க டீச்சர்?"

முதல்முறையாகச் சிரித்தார். பிறகு என்னிடமே பேனா வாங்கி, நான்கு கட்டங்களிலும் தன் பெயரை ஒரே கோடாக அடித்தார். 1989 பக்கத்தில் மட்டும், வினாக்கள் என்ற கட்டத்துக்குப் போய் ஓர் ஓரத்தில் சின்னதாக எழுதினார். நோட்டை என் மடியில் வைத்தார்.

மன்னித்தாயா என்று கேட்கத்தான் செய்தேன், என்ன செய்வது, வாய் நிற்கவில்லை. "யோசிக்கிறேன் டீச்சர்" என்றார். முன்முடியில் கிளிப்போடுதான் பஸ்ஸுக்குப் போனார்.

வரும் வழியில் தணிகாசலம், "எதிரணிக்கு டீச்சரா இருந்தவங்களை நடுவராப் போட்டுட்டாங்களே, நான் எப்படி ஜெயிப்பேன்" என்று இவரிடம் முறையிட்டுக்கொண்டே வந்தார்.

சொட்டு மூன்று வேளை. நடுவேளை நூலகத்திலேயே போட்டேன்.

ஜூன் 26, திங்கள்

வினாக்கள் கட்டத்தில் அவர் எழுதியதைப் பலமுறை படித்துவிட்டேன். அன்றைய கேள்வியை அப்படியே எழுதியிருக்கிறார். பக்கத்தில்: "கேட்டவள்: பூங்காவனம்."

ஜூன் 28, புதன்

பூங்காவனம் போன் செய்தார். மன்னிப்பைப் பற்றியெல்லாம் இல்லை, ஒரு சந்தேகமாம். ஃபிலிமைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாராம். புருவத்தையே முப்பது வருடம் பார்த்ததில் கீழே பார்க்கவில்லை. நியாண்டர்தால் தாடை எலும்பு முன்பக்கம் உள்நோக்கிச் சரிந்து போய்விடும், முகவாய் என்று தனியாக ஒன்று துருத்தி நிற்காது. நமக்கு மட்டும்தான் நிற்கிறது. வேறு எந்தக் குரங்குக்கும் இல்லை.

"இது நமக்கு எதுக்கு டீச்சர்?"

புத்தகங்களைத் தேடினேன். மெல்லுவதற்கு என்கிறார்கள், பேசுவதற்கு என்கிறார்கள், முகம் சிறுத்ததில் சும்மா மிஞ்சியது என்கிறார்கள். ஒருவர் சொல்வதை ஒருவர் ஒப்புக்கொள்வதில்லை. மாலையில் திரும்பக் கூப்பிட்டு, யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றேன். இதற்கு ஒரு பட்டிமன்றம் வைக்கலாம் என்றார். நடுவர் யார் என்று கேட்டேன். "நான்" என்றார்.

1989 நோட்டில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. அந்தப் பாடத்துக்கு மட்டும் ஒன்றும் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். இன்று நிரப்பினேன்.

செய்து பார்: கண்ணாடி முன் நின்று, உன் முகவாயை, வேறு யாருடையதும் அல்ல, உன்னுடையதை மட்டும், விரலால் தொட்டு, இது எதற்கு என்று ஒரு நிமிடம் யோசி.